உரம் போட்ட வயலின் மடையை ஒரு வாரம் திறக்காதீர்கள்

வாசகர் கடிதம்:

அம்மா, நான் சேரன்மகாதேவி வட்டாரத்தில் விவசாயம் பார்க்கிறேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனம். மூன்று ஏக்கர் நெல், ஒரு ஏக்கர் ஏத்தன் வாழை. என் வயலின் வடிகால் நேராக எங்கள் ஊர்க் குளத்தில் விழுகிறது. இந்தப் பிசானப் பருவத்தில் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. தை பிறந்ததும் தண்ணீர் பச்சையாகத் திரண்டது. மாசியில் இரண்டு நாள் மூட்டம் போட்டது. மூன்றாம் நாள் விடியும்போது கட்லாவும் ரோகுவும் செத்து மிதந்தன. நான் வயலுக்கு அடித்த பூச்சிமருந்துதான் காரணம் என்று மீன் குத்தகை எடுத்தவர் ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார். அந்த மாதம் நான் மருந்தே அடிக்கவில்லை. நெல்லுக்கு ஏக்கருக்கு நான்கு மூட்டை யூரியா, இரண்டு மூட்டை டி.ஏ.பி. போடுவேன். இயற்கை எரு கெடுதல் செய்யாது என்று கேள்விப்பட்டு, மூன்று வருடமாக ஏக்கருக்கு இரண்டு டன் கோழி எருவும் சேர்த்துப் போடுகிறேன். குளம் கெட்டதற்கு நான்தான் காரணமா? மாடுகளை அந்தத் தண்ணீரில் விடலாமா? வீட்டுக் கிணற்றிலும் ஏதாவது கலந்திருக்குமா? கிணறு தொழுவத்தை ஒட்டி இருக்கிறது. மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். பேத்திக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் போதாததால் பவுடர் பாலும் கொடுக்கிறோம். கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் காய்ச்சித்தான் கலக்குகிறோம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ஆலோசனை:

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

குளத்தைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் விஷயத்துக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். பேத்திக்குப் பால் கலக்க அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஊருக்கு வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிப் பயன்படுத்துங்கள்.

காரணம் இதுதான். யூரியாவில் இருந்தாலும், சாணத்தில் இருந்தாலும், மாட்டு மூத்திரத்தில் இருந்தாலும், காற்றோட்டமுள்ள மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) கடைசியில் நைட்ரேட்டாக மாறுகிறது. களிமண் துகள்கள் எதிர்மின் தன்மை கொண்டவை. நைட்ரேட்டும் அப்படியே. அதனால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. தண்ணீர் இறங்கும் வழியில் தானும் இறங்கி அது கிணற்று ஊற்றில் சேர்ந்துவிடும். நிறம் கிடையாது, வாடை கிடையாது, நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினால் கிருமிகள் சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சமிருப்பதில் அதன் செறிவு கூடுகிறது. குளோரின் போட்டாலும் போகாது, மெழுகுவர்த்தி வடிகட்டியிலும் நிற்காது. ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியை நீக்கும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கே வளரும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும். நைட்ரைட் இரத்தத்தில் சேர்ந்தால் ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. 1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்த பாலைக் குடித்து நீலம் பாரித்த குழந்தைகளைப் பற்றி முதன்முதலில் எழுதினார். லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்ற எல்லையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்திருக்கிறது. வேறு நீர் ஆதாரமே இல்லையென்றாலும் அதற்கு மேல் தளர்வு கிடையாது. பேத்தியின் உதடோ நகமோ நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால், கை வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கிணற்றுத் தண்ணீர் கொடுத்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மகள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தாய்ப்பால் கொடுக்கட்டும். தாய் குடிக்கும் தண்ணீரிலுள்ள நைட்ரேட் பாலில் அதிகம் சேர்வதில்லை.

உங்கள் கிணறு கெட்டுவிட்டது என்று இங்கிருந்தபடி நான் சொல்ல முடியாது. தொழுவத்தை ஒட்டிய கிணறு, பக்கத்தில் உரம் நிறைய வாங்கும் நிலம் என்று நீங்கள் எழுதியிருப்பது சந்தேகப்படப் போதுமானது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்ளலாம். நைட்ரேட்டோடு கோலிஃபார்ம் நுண்ணுயிர்ப் பரிசோதனையும் கேளுங்கள். சாணம் கலந்த தண்ணீரில் அந்த ஆபத்தும் உண்டு. முடிவு வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். ‘நைட்ரேட்’ என்று போட்டிருந்தால் எல்லை 45. ‘நைட்ரேட் நைட்ரஜன்’ என்று போட்டிருந்தால் எல்லை ஏறக்குறைய 10. இரண்டையும் குழப்பிக்கொண்டு, 20 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியாகப் போனவர்கள் உண்டு.

எருக்குழியைக் கிணற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி, நிலம் சரிந்து இறங்கும் பக்கமாக மாற்றுங்கள். தொழுவத்தின் தரையைச் சிமெண்ட் பூசி, மூத்திரம் ஒரு தொட்டியில் விழும்படி செய்யுங்கள். அதை நீர் கலந்து தென்னைக்கோ தீவனப்புல்லுக்கோ விடலாம். கழிப்பறைக் குழி கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

இனி குளம்.

மீன் செத்த நேரத்தை நீங்கள் எழுதியது மிகவும் உதவியாக இருந்தது. இரண்டு நாள் மூட்டம், மூன்றாம் நாள் விடியற்காலை. பூச்சிமருந்து கலந்து மீன் செத்தால் அது பகல் இரவு பார்க்காது. குஞ்சு, பெரியது என்றும் பார்க்காது. தவளையும் தண்ணீர்ப் பூச்சிகளும் சேர்ந்தே சாகும். பாசி மண்டிய குளத்தில் நடப்பது வேறு. பகலில் வெயில் இருக்கும்போது பாசி ஆக்சிஜனைத் தண்ணீரில் விடும். இரவில் அந்தப் பாசியே மீனோடு போட்டியிட்டு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மூட்டம் போட்ட நாளில் பகல் வரவு குறையும், இரவுச் செலவு அப்படியே இருக்கும். இரண்டு நாள் இப்படிப் போனால் விடியும் நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிக்கும். பெரிய மீன்களுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை. அவை முதலில் சாகும். அன்று செத்ததில் பெரிய மீன்கள் அதிகமா, தவளைகள் உயிரோடு இருந்தனவா என்று ஊரில் விசாரியுங்கள். ஆமாம் என்றால், மருந்து அடித்தீர்கள் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

ஆனால் பாசி அவ்வளவு வளர்ந்ததற்கு உணவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதில் உங்கள் வயலுக்குப் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் எழுதிய கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

யூரியா மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து 46 சதவீதம். நான்கு மூட்டையில் 83 கிலோ தழைச்சத்து. டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ; அதில் 18 சதவீதம் தழைச்சத்து, 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ் சத்து). இரண்டு மூட்டையில் தழைச்சத்து 18 கிலோ, மணிச்சத்து 46 கிலோ. கோழி எருவில் தழைச்சத்து 3 சதவீதமும் மணிச்சத்து இரண்டரை சதவீதமும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு டன்னில் 60 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து. மொத்தத்தில் உங்கள் ஒரு ஏக்கருக்கு 161 கிலோ தழைச்சத்தும் 96 கிலோ மணிச்சத்தும் போகிறது. நெல்லுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது, ரகத்தையும் வட்டாரத்தையும் பொறுத்து, ஹெக்டேருக்கு 120 முதல் 150 கிலோ தழைச்சத்து, 40 முதல் 50 கிலோ மணிச்சத்து. ஏக்கர்க் கணக்கில் 48 முதல் 60 கிலோ. மணிச்சத்து 16 முதல் 20 கிலோ. தழைச்சத்து தேவையைப்போல் மூன்று பங்கு. மணிச்சத்து ஐந்து பங்கு.

எருவில் இருப்பது முழுவதும் ஒரே பருவத்தில் கரைந்துவிடாது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் மூன்று வருடமாகப் போடுகிறீர்கள். முந்திய வருடங்களின் பாக்கியும் மண்ணில் சேர்ந்துகொண்டே வருகிறது.

எருவைப் பற்றி உங்களிடம் யாரோ சொன்னது பாதி சரி. எரு மண்ணுக்கு நல்லது. மண்ணின் கட்டமைப்பையும் நீர் பிடிக்கும் திறனையும் நுண்ணுயிரையும் அது வளர்ப்பதுபோல் யூரியா வளர்க்காது. வயலில் எரு போடுவதை விடாதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லுவேன். அதே எரு குளத்தில் விழுந்தால், அங்கே அதற்கும் டி.ஏ.பி.க்கும் பாசி வித்தியாசம் பார்ப்பதில்லை. ஒரு வகையில் எரு இன்னும் மோசம். அதிலுள்ள அங்ககப் பொருள் குளத்தில் மக்கும்போதே ஆக்சிஜனைத் தின்னும்; வயிற்றுப்போக்குக் கிருமிகளையும் கொண்டுவரும். இன்னொரு சிக்கலும் உண்டு. கோழி எருவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன. பயிருக்கோ தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு மணிச்சத்துதான் வேண்டும். தழைச்சத்துக் கணக்கை வைத்து எரு போட்டால் மணிச்சத்து கட்டாயம் மிஞ்சும். அதற்கு மேல் டி.ஏ.பி.யும் போட்டால் கேட்கவே வேண்டாம்.

மிஞ்சியது வயலை விட்டுப் போகும் வழிகள் இரண்டு. மேலுரமாக யூரியாவை நின்ற தண்ணீரில் வீசும்போது, அது கரைந்து தண்ணீரிலேயே முதலில் நிற்கிறது. நொதி ஒன்று அதை இரண்டு மூன்று நாளில் அம்மோனியமாக மாற்றத் தொடங்குகிறது. அம்மோனியம் மண்ணில் ஒட்டும். அப்படி ஒட்டுவதற்கு முன் மழை பெய்து மடை வழிந்தாலோ, தண்ணீர் அதிகம் என்று நீங்கள் வடித்துவிட்டாலோ, வீசிய உரம் தண்ணீரோடு போய்விடும். தொழி அடித்த, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழுத, நெல் வயலில் அடிமண் இறுகியிருப்பதால் நைட்ரேட் ஆழத்துக்கு இறங்குவது குறைவு. இழப்பு பெரும்பாலும் மேலே வழிவதாலும் காற்றில் ஆவியாவதாலும்தான். நெல் பயிர் எடுத்துக்கொள்வது போட்ட தழைச்சத்தில் பாதிக்கும் குறைவு என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வாழையில் வேறு மாதிரி. அதன் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மேலே ஓர் அடி ஆழத்துக்குள் இருக்கின்றன. வட்டப் பாத்தியில் மொத்தமாக யூரியாவைக் கொட்டித் தண்ணீரை நிறைய விட்டால், வேரைத் தாண்டி இறங்கியது கிணற்றுக்குத்தான்.

மணிச்சத்து இப்படி ஓடாது. அது மண் துகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். மண் போனால் கூடவே போகும். நடவுக்கு முன் தொழி அடித்துக் கலங்கிய தண்ணீரை வடிகாலில் திறந்துவிடுகிறோமே, அதில் மேல்மண்ணின் மிக நுண்ணிய துகள்கள் போகின்றன. சத்து அதிகம் ஒட்டியிருப்பது அந்தத் துகள்களில்தான். ஐப்பசியில் அடியுரமாக டி.ஏ.பி. போட்டுக் கலக்கிய கையோடு அந்தக் கலங்கல் குளத்துக்குப் போனால், குளத்தின் அடியில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கிவிடுகிறது.

பாசியைப் பொறுத்தவரை எனக்கு இந்த மணிச்சத்துதான் பெரிய கவலை. 1973-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் ‘ஏரி 226’ என்று எண்ணிட்ட ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கரிமமும் தழைச்சத்தும் மட்டும் விட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு மணிச்சத்தும் விட்டார்கள். மணிச்சத்து சேர்ந்த பக்கம் பச்சையாக மாறியது. மற்றப் பக்கம் தெளிவாகவே இருந்தது. நீலப்பச்சைப் பாசிகளில் சில வகைகள் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அசோலாவுக்குள் வாழ்ந்து நம் வயலுக்கு உரம் தருவதும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். மணிச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்க எதனாலும் முடியாது. நாம் அனுப்பினால்தான் உண்டு.

மாடுகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு குச்சியைக் குளத்துத் தண்ணீரில் விட்டுத் தூக்கிப் பாருங்கள். பாசி நூல் நூலாகக் குச்சியில் தொங்கினால் அது பெரும்பாலும் சாதாரணப் பச்சைப்பாசிதான், கால்நடைக்கு நஞ்சில்லை. குச்சியில் எதுவும் தொங்காமல், பச்சைப் பெயிண்ட்டைக் கொட்டியதுபோல் படலமாக ஒட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அப்படியானால் மாடு, ஆடு, நாய் எதையும் இறக்காதீர்கள். பிள்ளைகள் குளிக்கவும் கூடாது. தோல் அரிப்பில் தொடங்கி ஈரல் பாதிப்புவரை அதன் நஞ்சு செய்யும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில், ஈரி ஏரியில் படர்ந்த இந்தப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்துவிட்டது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, காய்ச்சியும் குடிக்கக் கூடாது என்று நகர நிர்வாகம் அறிவித்தது. அந்த ஏரிக்கு மணிச்சத்தைப் பெருமளவு கொண்டுசேர்ப்பது சுற்றியுள்ள விளைநிலங்களிலிருந்து வடியும் தண்ணீர்.

“நான்தான் காரணமா” என்ற உங்கள் கேள்விக்கு இப்போது நேராகப் பதில் சொல்கிறேன். நீங்களும் ஒரு காரணம். நீங்கள் மட்டும் காரணமில்லை. தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் பிரியும் கால்வாய் வயலுக்குப் போகிறது; வயலின் வடிகால் குளத்துக்கு வருகிறது; குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ திரும்புகிறது; அதையே அடுத்த அணைக்கட்டு மறித்து அடுத்த ஊருக்குக் கொடுக்கிறது. உங்கள் குளத்துக்கு மேலே எத்தனை வயல்களின் வடிகால் சேர்கிறதோ, அத்தனை பேருக்கும் பங்கு உண்டு. ஊர்ச் சாக்கடை குளத்தில் விழுகிறதா? விழுந்தால் கழிப்பறைக் கழிவும் சோப்புத் தண்ணீரும் அதே சத்துகளைத்தான் கொண்டுவருகின்றன. ஆற்றிலும் அப்படித்தான். நகரங்களின் கழிவுநீர் கலப்பதைப் பேசாமல், கரையோரம் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மண்டுவதற்கு விவசாயியை மட்டும் கை காட்டுவது நியாயமில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. இந்த ஆறு பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை நம்முடைய மண்ணுக்குள்ளேயே ஓடுகிறது. மேலே இருக்கும் வேறு மாநிலத்தைக் குறை சொல்ல நமக்கு வழியில்லை. ஆற்றுப்படுகை உறைகிணறுகளிலிருந்து குடிக்கும் கீழூர்க்காரர்கள் நாம் விட்ட தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

செய்ய வேண்டியவற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது மடை. யூரியா போடுவதற்கு முன் நின்ற தண்ணீரை வயலுக்குள்ளேயே வற்றவிடுங்கள். சேறு தெரியும் ஈரத்தில் உரத்தைப் போடுங்கள். ஒரு நாள் கழித்து மெல்லத் தண்ணீர் கட்டுங்கள். அதன்பின் ஒரு வாரம் வடிமடையைத் திறக்காதீர்கள். பெருமழை வரும் என்று வானிலை அறிவிப்பு இருந்தால் உரத்தை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். கார்ப் பருவத்தைவிடப் பிசானத்தில் இது மிக அவசியம். வடகிழக்குப் பருவமழையும் மேலுரமும் ஒரே சமயத்தில் வருவது அப்போதுதான். வரப்பைப் பலப்படுத்தி ஒரு சாண் உயரம் கிடைக்கும்படி கட்டினால், சாதாரண மழையை வயலே பிடித்துக்கொள்ளும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அப்படிப்பட்ட மழைக்கு எந்த வரப்பும் நிற்காது. நான் சொல்வது ஆண்டுதோறும் பெய்யும் மழைக்கு. தொழி அடித்த பிறகும் இதே விதிதான்: கலங்கல் தெளியும்வரை ஒன்றிரண்டு நாள் வைத்திருந்து நடுங்கள், கலங்கலை வெளியே விடாதீர்கள்.

அளவைக் குறைப்பது இரண்டாவது. மண் பரிசோதனை செய்யாமல் உறுதியான அளவு சொல்ல மாட்டேன். அறுவடை முடிந்த வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ மண்ணை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். அதுவரைக்கும் ஒரு தற்காலிகக் கணக்கு. கோழி எரு போடும் பருவத்தில் டி.ஏ.பி.யை முழுவதும் விட்டுவிடுங்கள். எருவும் ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல் வேண்டாம். எரு போடாத பருவத்தில் ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி., இரண்டு முதல் இரண்டரை மூட்டை யூரியா போதும். அதையும் மூன்று நான்கு தவணையாகப் பிரியுங்கள். இலை வண்ண அட்டையை வாங்கி, நட்ட இரண்டாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இலை வெளிறினால் மட்டும் யூரியா. மானியம் போக டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். மூன்று ஏக்கருக்கும் சேர்த்து ஒரு பருவத்தில் ஆறு மூட்டை வாங்கிய நீங்கள் மூன்று வாங்கினாலே நான்காயிரம் ரூபாய் மிச்சம். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் சாய்வதும், இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் கூடுவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எருவைப் புரட்டாசிக் கடைசியில் வயலெங்கும் சின்னச் சின்னக் குவியலாகக் கொட்டி வைப்பது நம் பக்கத்து வழக்கம். முதல் மழையிலேயே அதன் சாறு வடிந்துவிடுகிறது. கொட்டிய அன்றே பரப்பி உழுது மண்ணில் மூடிவிடுங்கள். மூட முடியாதென்றால் எருக்குழியிலேயே பனையோலையோ தார்ப்பாயோ போட்டு மூடி வைத்திருங்கள். ஆட்டுக்கிடை போடுவதென்றால் குளத்தை ஒட்டிய கடைசி வயலில் போட வேண்டாம். அந்தக் கடைசி வயலுக்கும் குளத்துக்கும் நடுவே பத்தடி அகலத்துக்குத் தீவனப்புல்லோ வெட்டிவேரோ வளருங்கள். வடிகாலில் இருக்கும் கோரையைக் களைக்கொல்லி அடித்துக் கொல்லாதீர்கள். வழிந்து வரும் மண்ணை அவை தடுத்து நிறுத்தும். சத்தை உறிஞ்சி உங்கள் மாட்டுக்குத் தீவனமாகத் தரும். வாழைக்கு உரத்தைப் பல தவணையாகப் பிரித்து அளவாகத் தண்ணீர் விடுவது உங்கள் கிணற்றுக்கு நல்லது.

இவ்வளவும் செய்தாலும் அடுத்த தையில் குளம் மறுபடி பச்சையாகலாம். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். அடிச்சேற்றில் இரும்போடு ஒட்டிச் சேர்ந்திருக்கும் மணிச்சத்து, அங்கே ஆக்சிஜன் தீரும்போதெல்லாம் அந்தப் பிடியிலிருந்து கழன்று தண்ணீருக்கு வரும். குளிர்நாட்டு ஏரிகளில் இது பல ஆண்டுகள் தொடர்வதுண்டு. நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: நம் குளங்கள் கோடையில் வற்றுகின்றன. சித்திரை, வைகாசியில் குளம் காய்ந்ததும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, மேல் வண்டலை, கரம்பையை, அள்ளி வயலுக்குக் கொண்டுபோங்கள். நம் தாத்தாக்கள் வண்டி கட்டிக்கொண்டு செய்த வேலைதான். கரம்பை அடிக்கிற பழக்கம் போய் மூட்டை உரம் வந்த பிறகு, சத்து வயலிலிருந்து குளத்துக்கு ஒருவழியாகவே போகிறது என்பதுதான் என் ஆதங்கம். கூந்தன்குளத்தில் பறவைகளின் எச்சம் விழுந்த குளத்து வண்டலையும் தண்ணீரையும் அந்த ஊர் மக்கள் உரமாக மதித்து வயலுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் குளத்து அடிமண்ணில் கிடப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டி.ஏ.பி. கரம்பை அடிக்கும் வருடத்தில் அடியுரத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்கூட்டத்தில் என்ன பேசுவது என்பதையும் சொல்கிறேன். மீன் குத்தகைக்காரர் நஷ்டப்பட்டிருக்கிறார், அவரை எதிரியாக்காதீர்கள். மீன் செத்த விதத்தை விளக்கி, மருந்து காரணமில்லை என்பதைச் சொல்லுங்கள். உங்கள் உரக் கணக்கையும் மறைக்காமல் வையுங்கள். பிறகு அவரிடம் ஒன்று கேளுங்கள். மீன் வளர்ப்பில் நுண்ணுயிர் மிதவைகளைப் பெருக்குவதற்காகக் குளத்தில் சாணமும் கோழி எருவும் சூப்பர் பாஸ்பேட்டும் போடும் வழக்கம் உண்டு. அவர் போட்டாரா, எப்போது, எவ்வளவு? ஏற்கெனவே வடிகால் சத்து வந்து விழும் குளத்தில் அதைப் போடத் தேவையில்லை. தண்ணீர் பச்சை தட்டியிருக்கும்போது தீவனத்தையும் குறைக்க வேண்டும். மூட்டம் போட்ட நாளில் விடியும் முன் கால்வாயிலிருந்து கொஞ்சம் புதுத் தண்ணீர் விட முடியுமா, மோட்டார் வைத்துக் குளத்துத் தண்ணீரையே மேலே வீசிக் காற்றோட்டம் கொடுக்க முடியுமா என்று இருவரும் சேர்ந்து யோசியுங்கள்.

மேல்வயல்காரர்களும் நீங்களும் யூரியா போடும் நாட்களை நீர்ப்பாய்ச்சியிடம் சொல்லிவையுங்கள். அந்த வாரம் வடிமடை எதையும் திறப்பதில்லை என்று கூட்டத்திலேயே பேசி முடிவெடுங்கள். கார்ப் பருவத்துக்கு அணை திறப்பதற்குள் இதைச் செய்துவிட்டால் ஒரு பருவத்திலேயே பழகிப்பார்க்கலாம். கிணற்று முடிவும் மண் பரிசோதனை அட்டையும் வந்ததும் இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்; நெல்லுக்கும் வாழைக்கும் தனித்தனியாக உர அளவு எழுதித் தருகிறேன்.